வேஷம் என்று தெரிந்தும் பேசியவர்கள்

ஜெர்மனியில் பைரோய்ட் நகரத்துக் கடைவீதியில் ஹிட்லர் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறார். மீசை, வகிடு, சீருடை எல்லாம் கச்சிதம். எதிரே வந்து உட்காருகிறவர்களை உருவப்படமாக வரைந்து காசு வாங்குகிறார். படங்கள் படுமோசம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதைவிட நன்றாக வரையும். ஆனாலும் ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வியன்னா நுண்கலைக் கழகம் 1907இலும் 1908இலும் இந்த ஆளை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அந்தக் கிறுக்கல்களைப் பார்த்தால் விளங்கும்.

அப்போது ஒருவர் வந்து நிற்கிறார். அவர் சிரிக்கவில்லை. ஹிட்லர் வேஷத்தில் ஒருத்தன் பொது இடத்தில் இப்படிக் கடை விரிப்பதையும் ஊரே அதைச் சகித்துக்கொண்டு நிற்பதையும் பார்க்கவே சகிக்கவில்லை என்கிற பொருளில் கோபமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். திரைப்படம் அவருக்குக் கொடுப்பது சில நொடிகள்தான். உடனே அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது.

அவர் நடிகர் இல்லை. சிரித்தவர்களும் காசு கொடுத்தவர்களும்கூட நடிகர்கள் இல்லை.

படத்தின் பெயர் 'எர் இஸ்ட் வீடர் டா'. ஆள் திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். டேவிட் வெனெண்ட் இயக்கி 2015 அக்டோபரில் ஜெர்மனியில் வெளியானது. மறு ஆண்டு நெட்ஃபிளிக்ஸ் வழியாக 'லுக் ஹூஸ் பேக்' என்ற பெயரில் மற்ற நாடுகளுக்கும் வந்தது. திமூர் வெர்மெஸ் 2012இல் எழுதிய நாவல்தான் மூலம். ஜெர்மனியில் பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற நாவல் அது. முதல் பதிப்பின் விலையே ஒரு நக்கல்: 19.33 யூரோ. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த வருஷத்தை விலைச்சீட்டில் ஒட்டி விற்றார்கள்.

கதை ஒரு வரிதான். 1945இல் செத்த ஹிட்லர் 2014இல் பெர்லினில் கண் விழிக்கிறார். எப்படி, ஏன் என்று நாவலும் சொல்லாது, படமும் சொல்லாது. சொல்லாமல் விட்டதே நல்லது. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் அடைக்கலம் கொடுக்கிறார். வேலை பறிபோன சவாட்ஸ்கி என்ற அப்பாவிப் படப்பிடிப்பாளர், 'இந்த ஆள் பிரமாதமான மிமிக்ரி கலைஞர்' என்று நம்பி அவரை வேனில் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றிப் படம் எடுக்கிறார். அதைத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று வாங்குகிறது. ஹிட்லர் நட்சத்திரமாகிவிடுகிறார். அவர் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பெயர் என்ன என்றால் 'அடால்ஃப் ஹிட்லர்' என்கிறார். என்ன செய்யப் போகிறீர்கள் என்றால் பழைய திட்டத்தையே சொல்கிறார். கேட்பவர்கள் எல்லோரும், 'பாத்திரத்தை விட்டு ஒரு நொடிகூட வெளியே வரமாட்டேன் என்கிறாரே, என்ன அர்ப்பணிப்பு!' என்று மெய்சிலிர்க்கிறார்கள்.

இவ்வளவுதான் என்றால் இது ஒரு நடுத்தரமான தொலைக்காட்சி நகைச்சுவை. நான் இதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வெனெண்ட் செய்த காரியம் வேறு. கதையில் சவாட்ஸ்கி ஹிட்லரை ஊர் ஊராகக் கூட்டிப் போகிறார் அல்லவா, அதை நிஜமாகவே செய்தார்கள். ஒலிவர் மசூச்சி என்ற நடிகருக்கு வேஷம் போட்டு, கேமராவோடு ஜெர்மனியின் தெருக்களில் இறக்கிவிட்டார்கள். பிராண்டன்பர்க் வாசலில், ஊர்ச் சந்தையில், சாப்பாட்டுக் கடையில், கால்பந்து ரசிகர் கூட்டத்தில். எழுதிவைத்த வசனம் எதிராளியிடம் கிடையாது. நூற்றுக்கணக்கான மணி நேரம் எடுத்ததில் ஒரு சிறு பகுதியைக் கதைக்குள் தைத்து 116 நிமிடப் படமாக்கினார்கள்.

கதையில் கையில் கேமராவோடு ஒரு பாத்திரத்தை வைத்ததுதான் இதில் உள்ள சூட்சுமம். நிஜக் காட்சியில் கேமரா ஆடினால், தெருவில் போகிறவர் லென்ஸை நேராகப் பார்த்துவிட்டால், அது பிழையாகத் தெரியாது. 'சவாட்ஸ்கி எடுக்கிறார்' என்று கதையே அதற்குச் சாக்குச் சொல்லிவிடும். நாவலில் இந்த வசதி இல்லை. அங்கே ஹிட்லர் தன் வாயாலேயே கதை சொல்கிறார். நமக்குக் கிடைப்பது அவர் கண்ணில் பட்ட உலகம். படத்தில் அது தலைகீழாகிறது. உலகத்தின் கண்ணில் பட்ட அவர் நமக்குக் கிடைக்கிறார். அவருடைய முகத்தைவிட அவரைப் பார்க்கிற முகங்களில்தான் கேமரா அதிக நேரம் நிற்கிறது.

கூட உட்கார்ந்து பார்த்த நண்பன் பாதிப் படத்தில், "டேய், இவங்கல்லாம் நடிக்கிறாங்களா, நெசமாவே பேசுறாங்களா?" என்று கேட்டான். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஜெர்மானியர்களுக்கு அவ்வளவு வராது. தொலைக்காட்சி நிறுவனத் தலைவி பெலினியாக வரும் காட்யா ரீமானை அவர்கள் பல வருஷங்களாகத் திரையில் பார்க்கிறார்கள். அவருக்குக் குழி பறிக்கும் சென்சன்பிரிங்காக வரும் கிறிஸ்டோஃப் மரியா ஹெர்ப்ஸ்ட், நம் ஊரில் வடிவேலு திரையில் வந்தால் எப்படியோ அப்படி அங்கே பார்த்த மாத்திரத்தில் சிரிப்பு வரவைக்கிற முகம். அந்த முகங்கள் வந்தாலே 'இது கதை' என்று தெரிந்துவிடும். சாலையோரத்தில் சாக்ஸனி வட்டாரப் பேச்சில் ஒருவர் பேசினால் 'இது நிஜ ஆள்' என்று காது சொல்லிவிடும். நமக்கு எல்லா முகமும் புது முகம். வட்டார வழக்கெல்லாம் ஒரே மாதிரித் துணைத்தலைப்பு எழுத்தாகத் தட்டையாகிவிடுகிறது. அதனால் நாம் கேமராவைத்தான் துப்பறிய வேண்டியிருக்கிறது. ஒளி அழகாக விழுந்தால் கதை, வாக்கியத்தின் நடுவில் வெட்டு விழுந்தால் நிஜம். சில இடங்களில் எனக்கு இன்னமும் முடிவு தெரியவில்லை. அதற்காகவே சில காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

மசூச்சியைத் தேர்ந்தெடுத்ததிலும் இந்தக் கணக்கு உண்டு. வியன்னாவின் பர்க் நாடக அரங்கில் நடித்துக்கொண்டிருந்தவர் அவர். மேடை ரசிகர்களுக்குத் தெரியும், தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாது. பிரபலமான நடிகரை வேஷம் கட்டி இறக்கியிருந்தால் ஜனங்கள் அந்த நடிகரிடம்தான் பேசியிருப்பார்கள். (பின்னால் 'டார்க்' தொடரில் போலீஸ்காரர் உல்ரிச் நீல்சனாக வந்தவர் இவர்தான். அதை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் கொஞ்ச நேரம் தலை சுற்றும்.)

மசூச்சி கத்துவதில்லை. ஹிட்லர் என்றாலே நமக்கு நினைவு வருவது ஒலிபெருக்கி முன்னால் நரம்பு புடைக்கக் கத்துகிற ஆள். ஆனால் 1942 ஜூனில் பின்லாந்துத் தளபதி மன்னர்ஹைமைப் பார்க்கப் போனபோது, ஹிட்லர் சாதாரணமாகப் பேசியதைப் பின்லாந்து வானொலிப் பொறியாளர் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்தார். சுமார் பதினொரு நிமிடம். அதில் கேட்பது தாழ்ந்த, களைத்த, கிட்டத்தட்டச் சகஜமான குரல். மசூச்சியின் தெரு ஹிட்லரும் அந்த ரகம். தலையை லேசாகச் சாய்த்து, இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டு, "உங்களுக்கு என்ன குறை?" என்கிற மாதிரிக் கேட்கிறார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். அவ்வளவுதான், எதிராளி கொட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

என்ன கொட்டுகிறார்கள்? முதலில் புலம்பல்தான். பென்ஷன் பத்தவில்லை, எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாலும் ஒன்றும் மாறவில்லை, அரசியல்வாதிகள் எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். நம் ஊர் டீக்கடையில் கேட்காத விஷயம் ஒன்றுமில்லை. அப்புறம் மெல்ல மெல்லப் பேச்சு திரும்புகிறது. வெளிநாட்டுக்காரர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களால் நாட்டின் அறிவுத்திறனே இறங்கிவிட்டது என்கிறார் ஒருவர். தாடி வைத்தவர்களை மூட்டை கட்டி அனுப்ப வேண்டும் என்கிறார் இன்னொருவர். இதையெல்லாம் வாய் வார்த்தையாகவாவது பொதுவில் சொல்லக்கூடாது என்ற கூச்சம் பொதுவாக அந்த நாட்டில் உண்டு. எதிரே இருப்பவர் சீருடை போட்ட ஹிட்லர். பக்கத்தில் கேமரா ஓடுகிறது. அப்படியிருந்தும் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிராண்டன்பர்க் வாசலில் ஹிட்லரோடு செல்ஃபி எடுத்தவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சுற்றுலாவுக்குப் போன இடத்தில் மிக்கி மவுஸ் பொம்மை நின்றாலும் தோளில் கை போட்டுப் படம் எடுப்பவர்கள்தானே நாம். கையை உயர்த்தி நாஜி வணக்கம் வைத்துச் சிரிக்கிறவர்கள் விஷயமும் முழுக்க அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் அது குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். கலை, கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் கும்பலில் ஒருவர் கை தூக்கினால் இன்னொருவர் தூக்குவது அசட்டுத்தனமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். படத்தில் என்னைத் தொந்தரவு செய்தவர்கள் சிரிக்காதவர்கள். பைரோய்ட்டில் கோபப்பட்ட ஆளும் சிரிக்கவில்லை, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து மனக்குறையைச் சொன்னவர்களும் சிரிக்கவில்லை. அந்த வேஷத்தை மதித்தது அந்த இரண்டு தரப்பும்தான்.

வேஷம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஹிட்லர் செத்துப்போனது தெரியாதவர்கள் யாரும் இல்லை. தெரிந்தும் ஏன் பேசினார்கள்? வேஷம் என்பதால்தான் பேசினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கொள்கை கேட்டு வீட்டுக்கு வருகிற நிஜக் கட்சிக்காரரிடம் இதையே சொன்னால் அது அரசியல் நிலைப்பாடு ஆகிவிடும். நிருபரிடம் சொன்னால் மறுநாள் பெயரோடு அச்சில் வரும். வேஷக்காரரிடம் சொன்னால், 'சும்மா ஒரு தமாஷுக்குப் பேசினேன்' என்று எந்த நிமிடமும் பின்வாங்கிவிடலாம். அந்தச் சீருடை தூண்டிலில் மாட்டிய புழு. புழு பொய்யானது என்று மீனுக்குத் தெரிந்திருந்தும் கடித்ததுதான் இங்கே புதுமை.

சிலருடைய முகங்களைத் திரையில் மறைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஒருவருடைய படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பரப்ப முடியாது. அந்தச் சட்டம் 1907இல் வந்தது. வந்த காரணம் சுவாரசியமானது. 1898இல் பிஸ்மார்க் இறந்தபோது இரண்டு புகைப்படக்காரர்கள் இரவோடு இரவாக வீட்டுக்குள் புகுந்து பிணத்தைப் படம் எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த சட்டம் இது. நூறு வருஷம் கழித்து அதே சட்டம், ஹிட்லரிடம் மனம் விட்டுப் பேசியவர்களின் முகங்களைக் காப்பாற்றுகிறது. அதைவிட ஆச்சரியம், முகம் மறைக்கப்படாத ஆட்கள்தான். கேமரா முன்னால் பேசிவிட்டு, படத்தில் போட்டுக்கொள்ளவும் விட்டிருக்கிறார்கள்.

இந்தப் பகுதிகளை எடுத்தது 2014இல். கால்பந்து உலகக் கோப்பையை ஜெர்மனி ஜெயித்த கோடைகாலம் அது. ரசிகர் கூட்டத்தில் ஒரு காட்சி உண்டு. படக்குழு ஏற்பாடு செய்த நடிகர் ஒருவர் ஜெர்மனியை மட்டம் தட்டிப் பேசுகிறார். ஹிட்லர் பக்கத்தில் நிற்பவர்களைக் கொஞ்சம் உசுப்பிவிடுகிறார். கொஞ்சம்தான். அவர்கள் அந்த ஆள் மேல் பாய்கிறார்கள். பாய்ந்தவர்கள் நிஜ ரசிகர்கள். கொடி முகத்தில் பூசிய, பீர் குடித்த, மறுநாள் வேலைக்குப் போகப்போகிற இளைஞர்கள். அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த 2014 அக்டோபரில்தான் டிரெஸ்டன் நகரில் முஸ்லிம் குடியேற்றத்தை எதிர்க்கும் பெகிடா இயக்கத்தின் ஊர்வலங்கள் ஆரம்பித்தன. மறு வருஷம் ஆகஸ்டு கடைசியில் அப்போதைய ஜெர்மன் சான்ஸலர் ஏங்கலா மெர்க்கெல் அகதிகள் விஷயத்தில் 'நம்மால் முடியும்' என்று சொன்னார். அகதிகள் ரயில் ரயிலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது படம் திரைக்கு வந்தது. இருபது லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். 2013இல் ஐந்து சதவீத வரம்பைத் தாண்ட முடியாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்ற ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சி 2017இல் 12.6 சதவீதம் வாங்கி உள்ளே வந்தது. 2025 பிப்ரவரியில் 20.8 சதவீதத்தோடு இரண்டாவது பெரிய கட்சி. இந்த எண்களை வைத்து 'படம் அன்றே தீர்க்கதரிசனம் சொன்னது' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தீர்க்கதரிசனம் எல்லாம் ஒன்றுமில்லை. கருத்துக்கணிப்புக்காரர்கள் கேட்காத இடத்தில் போய்க் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கற்பனைப் பாத்திரத்தை நிஜக் கூட்டத்துக்குள் தள்ளிவிடுகிற வேலை ஜெர்மானியர்களுக்குப் புதிதும் இல்லை. இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலரும் உடனே 'போராட்' படத்தைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட அலெக்ஸாண்டர் க்ளூகே 1979இல் எடுத்த 'டீ பாட்ரியோட்டின்' நினைவுக்கு வருகிறது. அதில் காபி டைஷெர்ட் என்ற சரித்திர ஆசிரியை. பாடப்புத்தகத்தில் இருக்கிற ஜெர்மன் சரித்திரம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர லாயக்கில்லை என்று அவருக்கு வருத்தம். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சரித்திரத்தைத் தோண்டுகிறார். அதோடு நிற்காமல் சமூக ஜனநாயகக் கட்சியின் மாநாட்டுக்கு, நிஜ மாநாட்டுக்கு, போய் நிஜப் பிரதிநிதிகளை மடக்கி, சரித்திரத்தை மாற்ற உதவுங்கள், எனக்கு நல்ல பாடம் வேண்டும் என்கிறார். ஹன்னலோர ஹோகர் என்ற நடிகை அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு தீவிரமாகக் கேட்கிறார். பிரதிநிதிகள் சிரிப்பதா பதில் சொல்வதா என்று தெரியாமல் முழிக்கிறார்கள். க்ளூகேயின் ஆசிரியை எதிராளியைத் திணறடித்துவிட்டு, பார்க்கிறவர்களையும் யோசிக்க விட்டுவிடுகிறார். வெனெண்டின் ஹிட்லர் எதிராளிக்கு ஆறுதலாக இருக்கிறார். இரண்டும் ஒரே உத்தி, ஆனால் விளைவு நேர் எதிர். க்ளூகே படத்தை இருபது பேர் பார்த்தால் பதினைந்து பேர் எழுந்து போய்விடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதைப் பகுதிக்கு வருவோம். தொலைக்காட்சி நிறுவனத்துக்குள் நடக்கும் பதவிச் சண்டை, பார்வையாளர் எண்ணிக்கைக்காக எதையும் செய்கிற தயாரிப்பாளர்கள், இணையத்தில் பரவுகிற துண்டுப் படங்கள் எல்லாம் ஆயிரம் தடவை பார்த்த சரக்கு. இரண்டு மூன்று இடங்கள் விதிவிலக்கு. ஹிட்லர் முதன்முதலாக நேரலை நிகழ்ச்சியில் மேடை ஏறும்போது எழுதிக்கொடுத்த ஜோக்கைப் படிக்காமல் வாய் மூடி நிற்கிறார். அரங்கம் சிரிக்கிறது, அப்புறம் நெளிகிறது, அப்புறம் அடங்குகிறது. கூட்டம் முழுசாக அமைதியாகும் வரை பேச ஆரம்பிக்காமல் நிற்பது நிஜ ஹிட்லரின் பழக்கம். மியூனிக் நாட்களிலேயே தன் கையசைவுகளைப் புகைப்படக்காரர் ஹாஃப்மன் முன்னால் ஒத்திகை பார்த்து, படங்களைப் பார்த்துத் திருத்திக்கொண்ட ஆசாமி அவர். அந்த அமைதிக்குப் பிறகு அவர் பேசுவது யூதர்களைப் பற்றி அல்ல. குழந்தைகளின் வறுமை, முதியவர்களின் வறுமை, தொலைக்காட்சியில் ஓடுகிற சமையல் நிகழ்ச்சிக் குப்பை. எல்லாம் நியாயமாக இருக்கிறது. நானும் ஒரு இடத்தில் தலையாட்டிவிட்டேன்.

இன்னொன்று ஹெர்ப்ஸ்டின் காட்சி. 2004இல் வந்த 'டெர் உன்டர்காங்' படத்தில் பதுங்கு குழிக்குள் ஹிட்லர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கத்துகிற காட்சிக்கு, உலகம் முழுக்க வசனம் மாற்றிப் போட்டுக் கேலி செய்தார்கள். நம் ஊரிலும் அந்தத் துண்டுக்குத் தமிழ்த் துணைத்தலைப்பு போட்டுப் பரப்பியிருக்கிறார்கள். இங்கே அதே காட்சியை அசைவுக்கு அசைவு திரும்பச் செய்கிறார் சென்சன்பிரிங்க். ஹிட்லரை ஒழிக்கத் துடிக்கிற நிர்வாகி ஹிட்லராகவே மாறிக் கத்துகிறார். இந்த நாவலின் ஒலிப்புத்தகத்தை ஹிட்லர் குரலில் வாசித்தவரே ஹெர்ப்ஸ்ட்தான் என்று தெரிந்தவர்களுக்கு அங்கே இன்னொரு சிரிப்பு காத்திருக்கிறது.

மூன்றாவது, அந்தப் பாட்டி. தொலைக்காட்சி நிறுவனத்தில் வேலை பார்க்கும் க்ரோமையர் என்ற பெண் ஹிட்லரை வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். ஞாபகம் தப்பிய யூதப் பாட்டி ஒருத்தி உள்ளேயிருந்து வருகிறாள். படம் முழுக்க அத்தனை பேரில் இவள் ஒருத்திதான் அவரைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்கிறாள். வெளியே போ என்று கத்துகிறாள். அன்றைக்கும் ஆரம்பத்தில் எல்லோரும் இப்படித்தான் சிரித்தார்கள் என்கிறாள். நினைவு இழந்தவளுக்குத்தான் நினைவிருக்கிறது என்பது கொஞ்சம் செயற்கையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் நடிகை கத்தும்போது, தெருவில் பார்த்த நிஜ முகங்கள் எல்லாம் மனதுக்குள் திரும்ப ஓடுகின்றன. நிஜத்தையும் கற்பனையையும் கலந்ததால் கிடைத்த பலன் என்று நான் சொல்வது இதைத்தான். தனித்தனியாக இரண்டுக்கும் இவ்வளவு சக்தி கிடையாது.

சிரிக்கலாமா கூடாதா என்ற பழைய வழக்கு ஒன்று உண்டு. சாப்ளின் 1940இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார். வதை முகாம்களில் நடந்த கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க மாட்டேன் என்று பின்னால் சுயசரிதையில் எழுதினார். நமக்கு இந்த வழக்கு அவ்வளவு உறைப்பதில்லை. கண்டிப்பான அப்பாவுக்கும் தலைமை ஆசிரியருக்கும் 'ஹிட்லர்' என்று பட்டப்பெயர் வைத்துப் பழகியவர்கள் நாம். ஹிட்லருடைய சுயசரிதை தமிழில் மலிவுப் பதிப்பாகத் தன்னம்பிக்கைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடைக்கும். ஜெர்மானியரின் சிரிப்பில் தாத்தா என்ன செய்தார் என்கிற கேள்வி ஒளிந்திருக்கிறது. நம் சிரிப்பில் அப்படி எதுவும் இல்லை. அதனால் முதல் பாதியில் நாம் அவர்களைவிடச் சுலபமாகச் சிரிப்போம் என்று நினைக்கிறேன். நண்பன் அப்படித்தான் சிரித்தான். கால்பந்து ரசிகர்கள் பாய்ந்தபோதுதான் கைப்பேசியைக் கீழே வைத்தான்.

படம் முடிந்ததும் அவன் கிளப்பிய ஆட்சேபம் நியாயமானது. "இத்தனை மணி நேரம் எடுத்ததுல மோசமா பேசுனவங்கள மட்டும் பொறுக்கிப் போட்டிருக்கலாம்ல? நல்லபடியா பேசுனவங்களக் காட்டுனா டிக்கெட் விக்குமா?" என்றான். விற்காதுதான். பைரோய்ட் ஆளுக்குச் சில நொடி, புலம்பியவர்களுக்குப் பல நிமிடம் என்று கணக்குப் பார்த்தால் இவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆவணப்படம் என்று பெயர் வைத்திருந்தால் இந்தக் கேள்விக்கு வெனெண்ட் பதில் சொல்லியாக வேண்டும். நையாண்டி என்று பெயர் வைத்துக்கொண்டதால் தப்பித்துவிடுகிறார். 'சும்மா தமாஷுக்கு' என்று தெருவில் பேசியவர்கள் பின்வாங்கிய அதே வாசல் வழியாக இயக்குநரும் பின்வாங்கிக்கொள்ளலாம். ஹிட்லரை வைத்துக் காசு பண்ணுகிற தொலைக்காட்சி நிறுவனத்தைக் கிண்டல் செய்யும் படமும் ஹிட்லரை வைத்துத்தான் காசு பண்ணியது. அதைப் படமே ஒத்துக்கொள்கிறது. கதைக்குள்ளேயே ஹிட்லர் ஒரு புத்தகம் எழுதி, அதைச் சினிமாவாக எடுக்க ஆரம்பிக்கிறார்கள்.

அங்கிருந்து படம் கெட்டிக்காரத்தனமாக ஒரு திருகு திருகுகிறது. முதல் நாள் தான் எடுத்த காட்சியைச் சவாட்ஸ்கி திரும்பப் போட்டுப் பார்க்கிறார். அன்றைக்கு அவர் எடுத்தது வேறு எதையோ. பின்னணியில், யாரும் கவனிக்காத மூலையில், அந்த ஆள் தரையிலிருந்து முளைப்பது பதிவாகியிருக்கிறது. ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறார். பைத்தியம் என்று பிடித்து அடைக்கிறார்கள். நடுவில் மொட்டை மாடிக் காட்சி. சவாட்ஸ்கி துப்பாக்கியை நீட்ட, ஹிட்லர் அமைதியாக, என்னை ஒழிக்க முடியாது, நான் உங்கள் எல்லோருக்குள்ளும் ஒரு பகுதி, நானாக வரவில்லை, நீங்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தீர்கள் என்கிறார். சவாட்ஸ்கி சுடுகிறார், ஹிட்லர் விழுகிறார், மறுபடி வந்து நிற்கிறார். அப்புறம்தான் தெரிகிறது, அது படத்துக்குள் எடுக்கப்படும் படத்தின் காட்சி. ஆறுதலான முடிவு கொடுக்கிற உரிமை சினிமாவுக்கு மட்டும்தான் உண்டு என்று சொல்லி, அந்த ஆறுதலையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஹிட்லர் திறந்த காரில் பெர்லின் வீதிகளில் போகிறார். வழியில் நிற்பவர்கள் சிலர் கையசைக்கிறார்கள், சிலர் வணக்கம் வைக்கிறார்கள், சிலர் நடுவிரலைக் காட்டுகிறார்கள். இதுவும் நிஜத் தெரு, நிஜ ஜனங்கள், அதனால் அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதோடு ஐரோப்பா முழுக்க நடந்த வலதுசாரி ஊர்வலங்களின் செய்திப் படங்களை வரிசையாக ஒட்டி, கடைசியில் 'இதை வைத்துக்கொண்டு நான் வேலை பார்க்கலாம்' என்று ஹிட்லரை ஒரு வாக்கியமும் சொல்ல வைத்திருக்கிறார் இயக்குநர். சந்தையில் ஒரு பெரியவர் தயங்கித் தயங்கிப் பேசியதைக் காட்டியபோது நாமாகவே புரிந்துகொண்டதை, இங்கே கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டுக் காட்டுகிறார். செய்திப் படத்தில் வருகிறவர்கள் தாங்கள் யார் என்பதை மறைக்காதவர்கள், பலகை பிடித்துக் கோஷம் போடுகிறவர்கள். அவர்களைத் தினமும் பார்க்கிறோம். பலகை பிடிக்காதவர்களைக் காட்டியதுதான் இந்தப் படத்தின் சாதனை. அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் அவரே மறந்துவிட்டார்.

இதே உத்தியை இத்தாலிக்காரர்கள் 2018இல் முசோலினிக்குப் பொருத்தினார்கள். லூக்கா மினியெரோ இயக்கிய 'சோனோ டோர்னாட்டோ'. மாசிமோ போப்போலிட்சியோ முசோலினியாகத் தெருவில் இறங்கினார். காட்சி வரிசைகூட ஏறக்குறைய அதேதான். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போப்போலிட்சியோ நல்ல நடிகர், குறை அவரிடம் இல்லை. முசோலினி படம் போட்ட நாட்காட்டி இன்னமும் கடையில் விற்கிற நாடு அது. அங்கே அவரைப் பார்த்துச் சிரித்துக் கை குலுக்குகிறவர்களிடம், பைரோய்ட் கடைவீதியில் கண்ட அந்தத் தயக்கம் அவ்வளவாக இல்லை. தயக்கம் இல்லாத இடத்தில் வேஷத்துக்கும் பெரிதாக வேலை இல்லை. இரண்டையும் பார்க்க நேரம் இருக்கிறவர்கள் ஜெர்மன் படத்தை முதலில் பாருங்கள். துணைத்தலைப்போடுதான் பாருங்கள். வேறு மொழிக் குரல் பதித்த பிரதி கிடைத்தால் தொடவே வேண்டாம். தெருவில் பேசியவர்களுக்கும் நடிகர்களே குரல் கொடுத்திருந்தால், யார் நடிகர், யார் நிஜம் என்று தேடுகிற வேலையே போய்விடும்.